சராசரிப் புள்ளியோடு அமெரிக்கக் கல்லூரிக்கு: ஹட்டன் நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 9, சனி

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் இணையத்தளமான கொமன் ஆப் 1ஆம் தேதி திறந்துவிட்டது. 20 கல்லூரி வரை சேர்க்கலாம் என்பதால் கேள்விப்பட்ட பெயரையெல்லாம் சேர்க்க வேண்டாம். முதலில் பண விஷயத்தைப் பாருங்கள். ஆம்ஹர்ஸ்ட், போடன் இரண்டும் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பாராமல் தெரிவு செய்பவை. போட்டி மிகக் கடுமை. மக்கலெஸ்டர் சேர்த்துக்கொண்டவரின் பணத் தேவை முழுவதையும் ஈடுசெய்யும், ஆனால் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதைத் தெரிவின்போதே கணக்கில் எடுக்கும். நடுத்தரப் பெறுபேறோடு முழு உதவி கேட்கும் பிள்ளை இங்கேதான் அடிபடுகிறது. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி கல்விக் கட்டணமே வாங்குவதில்லை; எல்லா மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் பட்டியலில் அது கட்டாயம் இருக்கட்டும்.

செப்டம்பர் 13, சனி

தவணைப் பரீட்சையில் 58 எடுத்த பிள்ளையை அமெரிக்கர் தோல்வியாகவே வாசிப்பார். அங்கே 90க்கு மேல்தான் ஏ. இலங்கையில் நமக்கு 75லிருந்தே ஏ. இதை விளக்க வேண்டியது மாணவர் அல்ல, பாடசாலை. ஒரு பக்க அறிமுகத்தாள் போதும்: புள்ளி அளவுகோல், கற்பிக்கும் மொழி, என்னென்ன பிரிவுகள் உண்டு, உயர்தர வகுப்பில் எத்தனை பேர், அதில் இவர் எந்த இடம். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு தவணை போயிருந்தால் அதிபரின் கடிதத்தில் அது தேதியோடு வர வேண்டும். அதே விஷயத்தை மாணவர் தன் 650 சொல் கட்டுரையில் எழுதினால் சாக்காகத் தெரியும், தன்னைப் பற்றிச் சொல்ல இருந்த ஒரே இடமும் போய்விடும்.

ஆசிரியர் தமிழிலேயே கடிதம் எழுதட்டும். தெரியாத ஆங்கிலத்தில் எழுதினால் "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்" என்பதோடு நின்றுவிடும். மொழிபெயர்ப்பை மூலத்தோடு சேர்த்துப் பாடசாலைதான் அனுப்ப வேண்டும், மாணவர் கை படக் கூடாது.

கொமன் ஆப்பில் படிப்புக்கு வெளியே செய்வதை எழுதும் செயற்பாட்டுப் பகுதியை வெறுமையாக விடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. குடும்பப் பொறுப்புக்கென்றே அதில் தனி வகை உண்டு. "வீட்டுக்கு உதவுவேன்" என்று எழுதாதீர்கள். "விடிய 5 மணிக்குப் பீலியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவேன், வாரம் 14 மணி" என்று எழுதுங்கள். விவரிக்க 150 எழுத்துத்தான் இடம்.

அக்டோபர் 4, சனி

பண உதவி கேட்பவர் குடும்ப வருமானத்தைக் காட்டும் படிவமான சி.எஸ்.எஸ். புரொஃபைல் திறந்திருக்கிறது. சம்பளத் துண்டில் தீபாவளி அட்வான்ஸ், சேமலாப நிதி எல்லாம் கழிந்த பிறகு கைக்கு வந்த தொகையை எழுதிவிடுகிறார்கள். கேட்பது கழிவுக்கு முந்திய வருமானம், அதுவும் ஆண்டுக்கு. அம்மா, அப்பா இருவரின் 12 மாதத் துண்டுகளையும் கூட்டுங்கள். பேர் விழாத, அதாவது வேலை பதிவாகாத, நாளுக்குச் சம்பளமில்லை என்பதால் ஒரு மாதத்தை 12ஆல் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், ஆகவே சொந்த வீடு இல்லை என்றே குறியுங்கள்.

டிசம்பர் 6, சனி

டித்வா புயலில் உயர்தரப் பரீட்சை இடையில் நின்றுபோனது. கொமன் ஆப்பில் இடர்களும் சூழ்நிலையும் சொல்ல 250 சொல் இடம் இருக்கிறது. மண்சரிவு எந்த நாள், எங்கே தங்கினீர்கள், எந்தப் பாடங்கள் மிச்சம் என்று மட்டும் எழுதுங்கள். ஜனவரி முடிவுத் தேதிக்குள் ஆவணம் சேராது என்றால் அதிபர் இப்போதே கல்லூரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பி அவகாசம் கேட்கட்டும். தேதி தாண்டிய பின் கேட்பதைவிட முன்கூட்டிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.