ஆக்சலாட்டலும் ஒரு 'இது என்னமோ' பாசியும்

அழிந்துவரும் ஒரு விலங்கையும் ஒரு தாவரத்தையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள் மகளின் வகுப்பில். விலங்கு அப்போதே முடிவாகிவிட்டது. அவள் தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருப்பதே ஒரு ஆக்சலாட்டல் பொம்மைதான். பல்லி வடிவில் இருக்கும், தவளைக்கு உறவான நீர்வாழ் விலங்கு அது. தாவரத்துக்கு நான் டகாக்கியா என்றேன், படமும் காட்டினேன்.

"இதுல என்னப்பா இருக்கு?"

நியாயமான கேள்விதான். பச்சை நூலைப் பொடியாக நறுக்கிக் கொட்டியதுபோல இருக்கும். இது மாஸ் (moss) வகை, ஈரமான பாறையிலும் சுவரிலும் ஒட்டிப் படரும் சின்னச் செடி. இதையும் பாசி என்றுதான் சொல்கிறோம், ஆனால் குளத்தில் வழுக்கிவிடும் பாசி வேறு. 1958-இல் ஜப்பானியர்கள் பெயர் வைத்தபோது, எதோடு சேர்ப்பது என்றே குழப்பம். நன்ஜாமொன்ஜா-கொகே என்ற அதன் ஜப்பானியப் பெயருக்கு 'இது என்னமோ பாசி' என்பதுபோலத்தான் பொருள்! 1990-களில் அதன் வித்துப்பையைப் பார்த்த பிறகே மாஸ் என்று ஒப்புக்கொண்டார்கள். 39 கோடி ஆண்டுப் பழைய வம்சம். இமயமலையே அதற்கு இளையது.

இரண்டுக்கும் பொது, தண்ணீர். ஆக்சலாட்டல் வளர்ந்தும் செவுளை விடாமல் கடைசிவரை நீரிலேயே கிடக்கும். மாஸுக்கு வேர் கிடையாது; அதன் ஆண் செல் ஈரத்தில் நீந்தித்தான் பெண் செல்லை அடைய வேண்டும்.

ஆக்சலாட்டலை உலகமே கொஞ்சுகிறது. ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் ஏராளம், மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில்கூட இருக்கிறது. ஆனால் சொந்த ஊரான சொச்சிமில்கோ கால்வாய்களில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014-இல் 40-க்கும் கீழே. உணவுக்காக விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன, தண்ணீரும் கெட்டுவிட்டது. இருந்தாலும் அங்குள்ள விவசாயிகள் சிலர் கால்வாய்க்குத் தடுப்புப் போட்டு மீன் வராத இடம் ஒதுக்குகிறார்கள். ஆக்சலாட்டலின் எதிரி தடுப்புப் போட்டு நிறுத்தக்கூடிய எதிரி.

டகாக்கியாவுக்கு அந்த வசதியும் இல்லை. திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேலே, பனிக்கும் புற ஊதாக் கதிருக்கும் பழகிய செடி அது. வெப்பம் ஏற ஏற ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 சதவீதம் குறைகிறது என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இன்னும் மேலே போகலாமென்றால் மலை முடிந்துவிடும். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

மகள் எழுதிய பக்கத்தில் முக்கால்வாசி ஆக்சலாட்டல். டகாக்கியாவுக்கு நான்கு வரி, பக்கத்தில் ஒரு படம். அந்தப் பாசிக்கு இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்திருந்தாள். அழிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.