பழைய கேஸ் மீட்டரை மாற்றினோம், ஸ்மார்ட் மீட்டர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தோம்

மும்பை செம்பூரில், சேடா நகர்ப் பக்கம் எங்கள் கட்டடத்தில் குழாய் கேஸ் மீட்டர்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாற்றியாயிற்று. வைத்திருப்பது சாதாரண மீட்டர்தான், ரீடிங்கைத் தானே மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இல்லை. "கட்டாயம் ஸ்மார்ட் மீட்டர்தான் என்றார்களே, நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள்?" என்று முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மீட்டரை மாற்றுவது ஒரு விஷயம், என்ன மீட்டர் வைப்பது என்பது வேறு விஷயம். வருகிற ஆட்கள் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். நாம் பிரித்துப் பேச வேண்டும். பழைய மீட்டரை மாற்ற வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்காதீர்கள். வீட்டு மீட்டருக்குள்ளே சவ்வு போட்ட அறைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் கேஸ் நிரம்ப மறுபக்கம் காலியாகும். அந்த அசைவுதான் பல்சக்கரம் வழியாக எண்களைச் சுழற்றுகிறது. வருஷக்கணக்கில் ஓடிய பிறகு சவ்வு விறைத்துப் போகும், உள் வால்வு தேயும். அப்புறம் அது குறைத்தும் காட்டலாம், கூட்டியும் காட்டலாம். எங்களுடையது நின்றே போயிருந்தது.

நின்றுபோனது பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். தம்பி குடும்பம் புனேவுக்குப் போன பிறகும் பில் மட்டும் கூட்டுக்குடும்பத்துக்கு வருகிற மாதிரியே வந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால், ரீடிங் எடுக்காமல் பழைய சராசரியை வைத்துப் போட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்து அடுப்பைப் பற்றவைத்து மீட்டர் முன்னால் போய் நின்றேன்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். மீட்டரில் கறுப்புக் கட்டத்தில் இருக்கும் எண்கள் முழுக் கன மீட்டர், பில்லுக்கு எடுத்துக்கொள்வது அதைத்தான். தசமப் புள்ளிக்கு அப்புறம் சிவப்புக் கட்டத்தில் இருக்கும் மூன்று எண்கள் லிட்டர் கணக்கு. பெரிய பர்னரை முழு வேகத்தில் பத்து நிமிஷம் எரித்தால் ஏறக்குறைய 40 லிட்டர் ஓடும். கடைசிச் சிவப்புச் சக்கரம் கண்ணெதிரே நகர வேண்டும். எங்கள் வீட்டில் பால் பொங்கி இறக்கியாயிற்று, சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. இதற்கு நேர்மாறான சோதனையும் முக்கியம். எல்லா பர்னரையும் மூடிவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போது சிவப்பு எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு அப்பால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வால்வை மூடிவிட்டு, வீட்டை விட்டு வெளியே வந்து உடனே அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மீட்டர் புகாரெல்லாம் அப்புறம்.

அடுப்பு எரிய எண் அசையாமல் நிற்பதை வீடியோ எடுத்துப் புகாரோடு அனுப்பினேன். அதன் பிறகுதான் ஆள் வந்தது. கையில் ஸ்மார்ட் மீட்டர்.

"மாஜி, இப்போ எல்லாருக்கும் இதுதான். பழைய மாடல் கிடையாது" என்றான் பையன் ஹிந்தியில். அம்மா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இதுல பணம் தீர்ந்துபோச்சுன்னா அடுப்பு அணைஞ்சுடுமா, கேளு" என்றாள் என்னிடம். நான் கேட்டேன். இப்போதைக்குப் பில் பழையபடிதான் வரும், பின்னால் ப்ரீபெய்டாக மாறலாம், உள்ளே இருக்கிற வால்வை அலுவலகத்திலிருந்தே மூடித் திறக்க முடியும் என்று அவனே சொன்னான். ஒளிக்காமல் சொன்னதற்கு அவனுக்கு நன்றி.

என் தயக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. விடிகாலை நாலரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் போடுகிறவள் அம்மா, போனில் ரீசார்ஜ் செய்யத் தெரியாது. நான் ஊரில் இல்லாத நாளில் வால்வு மூடிக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? இன்னொன்று, எங்கள் மீட்டர் தரைத்தளச் சமையலறையின் உள்மூலையில் இருக்கிறது. அங்கே போய் நின்றால் போனிலேயே பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். அந்த மீட்டரோ மொபைல் நெட்வொர்க் வழியாக ரீடிங்கை அனுப்புவது. சிக்னல் கிடைக்காத மாதம் மறுபடியும் சராசரி பில்தானே?

மேல்மாடி மாமி கதிர்வீச்சு பயத்தில் ஒரு வாட்ஸப் தகவலைக் காட்டி, "கேஸ் கம்பெனிக்கு அனுப்பும் மெயிலில் இதையும் எழுது" என்றார். எழுதவில்லை. இந்த மீட்டர் பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓட வேண்டியது, அதனால் எப்போதாவது கொஞ்ச நேரம்தான் தகவலை அனுப்பும். நாள் முழுக்க நம் கையில் இருக்கும் போனை விட்டுவிட்டு அதைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. நிற்காத வாதத்தைச் சேர்த்தால் நிற்கிற வாதமும் சாய்ந்துவிடும்.

பையனோடு வாதாடிப் பயனில்லை, முடிவு அவன் கையில் இல்லை. "இன்று வேண்டாம், எழுத்தில் கேட்கிறேன்" என்று சொல்லி, அவன் கொண்டுவந்த தாளில் 'மாற்ற மறுப்பு' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடாமல், "சாதாரண மீட்டர் வைக்கச் சம்மதம்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டேன். தாளையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு வரி பின்னால் பெரிய உதவியாக இருந்தது. மீட்டர் மாற்ற இடம் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை.

மின்னஞ்சலில் பழைய மீட்டர் ஓடவில்லை, உடனே மாற்றுங்கள், சாதாரண சவ்வு மீட்டர் போதும் என்று முதலில் எழுதினேன். ஸ்மார்ட் மீட்டர்தான் என்றால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு அது கட்டாயம் என்று எந்த உத்தரவு சொல்கிறது, அதன் நகல் எங்கே? பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவார்கள், அதுவரை கேஸ் வருமா? ரீடிங் போய்ச் சேராத மாதத்தில் பில் எப்படிப் போடுவீர்கள்? வால்வு தானாக மூடிக்கொண்டால் வீட்டில் இருக்கும் முதியவர் அதைத் திறக்க வழி என்ன?

போனில் பலர் பேசினார்கள். எல்லோரும் கட்டாயம் என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் "சரி, அதையே மெயிலில் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். யாரும் போடவில்லை. கடைசியில் மெயிலில் வந்த பதில் ஒரே வரி: சாதாரண மீட்டர் பொருத்த ஆள் வருவார்.

பொருத்துகிற நாளில் கவனமாக இருங்கள். கழற்றும் முன் பழைய மீட்டரின் வரிசை எண்ணும் கடைசி ரீடிங்கும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். புதியதையும் அப்படியே எடுங்கள், அதன் ரீடிங் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும் என்று நினைக்காதீர்கள். தகட்டில் ஜி1.6 என்றிருந்தால் மணிக்கு அதிகபட்சம் 2.5 கன மீட்டர் வரை அளக்கும் மீட்டர், நம் அடுப்புக்குத் தாராளம். மேலே இருக்கும் அம்புக்குறி கேஸ் போகும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். முடித்ததும் இரண்டு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாசனையே தெரியவில்லை. இறுக்கி, வாஷர் மாற்றி, மறுபடி தடவி, குமிழி நின்றபிறகுதான் விட்டேன். குழாயில் புகுந்த காற்று வெளியேறும்வரை சுடர் படபடக்கும், அந்த நேரம் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அடுத்த பில்லில் புது மீட்டர் எண் ஏறியிருந்தது, சராசரியில் கூடுதலாக வாங்கிய பணம் மட்டும் கழியவில்லை. புது மீட்டரில் ஒரு முழு பில் காலத்துக்கு ஓடிய அளவை வைத்து, பழைய சராசரி பில்களைத் திருத்தக் கேட்டு எழுதினேன். அதற்கு அடுத்த பில்லில் வரவு வைத்துக் கழித்தார்கள்.

மேல்மாடி மாமி ஸ்மார்ட் மீட்டரே வைத்துக்கொண்டார். பாதி வருஷம் அமெரிக்காவில் மகனோடு இருக்கிறவர், ரீடிங் எடுக்க வரும் ஆளுக்குக் கதவு திறக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு வசதி. அவருக்கு அதுதான் சரி. பேட்டரிக் கேள்விக்கும் வால்வுக் கேள்விக்கும் மட்டும் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லியிருக்கிறேன், அவருக்காக மெயிலையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.