எதிர்வீடு: கேத்தி நாட்குறிப்பு

டிசம்பர் 14

எதிர்வீட்டு ஐயாவின் மருத்துவப் பரிசோதனை அறிக்கை கோவையிலிருந்து இன்னும் வரவில்லை. அவருடைய இருமல் விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர் 17

சபை மூப்பர் ஒரு கட்டுச் சுவிசேஷக் கைப்பிரதிகளைக் கொடுத்து, "நோய்வாய்ப்பட்ட நேரத்தில்தான் மனம் இளகும், இப்போதே போய்ப் பேசுங்கள் டீச்சர்" என்றார். அவர் ஆத்துமாக்களுக்காக உண்மையாகவே பாரப்படுகிறவர்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், மறுத்துப் பேசத் தெம்பில்லாத ஒருவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு பேசுவதைச் சுவிசேஷம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வேதாகமத்தில் பேதுரு தம் முதலாம் நிருபம் 3:15இல், நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். எதிர்வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும்படியாக நான் வாழ்ந்திருக்கிறேனா என்பதுதான் இரவெல்லாம் என்னை அரித்தது.

டிசம்பர் 20

கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடிவரும் கீதபவனி எங்கள் தெருவுக்கு வந்தபோது பத்து மணி கடந்துவிட்டது. ஐயா உறங்கியிருப்பார், மேளத்தை நிறுத்திவிட்டுக் கடந்து போங்கள் என்று வாலிபர்களிடம் கேட்டுக்கொண்டேன். அவர்களும் தலையசைத்து அப்படியே நடந்தார்கள். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, "ஏன் பாடாமப் போறீங்க? அவரு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார். மேளமில்லாமல், ஜன்னலோரம் நின்று தணிந்த குரலில் பாடினார்கள்.

டிசம்பர் 22

அறிக்கை வரவில்லை.

டிசம்பர் 26

நேற்று கேக் கொடுக்கப் போனேன். கைப்பிரதி எதையும் எடுத்துச் செல்லவில்லை. பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்த சக ஆசிரியை, மதத்தைப் பற்றிப் பேசுவதே சட்டப்படி தவறில்லையா என்று கேட்டார். அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது என்றும், பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது என்றும் சொன்னேன். என் விசுவாசத்துக்கும் அந்த எல்லை பொருந்தியே இருக்கிறது. மனந்திரும்புதல் மனிதர் கையில் உள்ள காரியமன்று. பள்ளியில் என் அதிகாரத்தின் கீழ் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் இதைப் பேசுவதில்லை என்பதையும் சொன்னேன்.

சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனார் நீலகிரியின் இதே கேத்திக்கு 1846இல் வந்தார்கள். இம்மலையில் வாழும் படுகர் சமூகத்தாரில் முதலாவது ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள், மொழி கற்றார்கள், பள்ளி நடத்தினார்கள். அவசரப்படுத்தும் மூப்பரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 2

கேட்டுவிட்டார்கள்.

பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், என் முகத்தையும் பாராமல், "உங்க சாமிகிட்ட கேட்டா இவருக்குச் சரியாகுமா டீச்சரம்மா?" என்றார் அந்த அம்மா. ஆகும் என்ற ஒரே சொல்லை அவர் எதிர்பார்த்தார். மூப்பராயிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பார். கர்த்தரால் கூடும் என்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அவர் என்ன செய்வார் என்று அவர் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. ஆகவே இப்படிச் சொன்னேன்: "தினமும் கேட்கிறேன் அம்மா. சரியாகும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. என் தகப்பனாருக்காகவும் கேட்டேன், அவர் பிழைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் இயேசு எங்களைக் கைவிடவில்லை. மரித்த சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகையில் அழுதவர் அவர். அதனால்தான் இன்றும் அவரிடமே போகிறேன்." உரித்த பயறுகள் தட்டில் விழும் சத்தம் சிறிது நேரம் நின்றது. பிறகு அவர், "அழுதாரா? சாமியா?" என்றார். யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது என்றேன். அடுத்த முறை வரும்போது அந்தக் கதையைச் சொல்லும்படி கேட்டார்.

நோய் குணமாகும் என்று ஆசை காட்டி ஒருவரைக் கர்த்தரிடம் அழைத்தால், குணமாகாத நாளில் அவர் கர்த்தரையும் இழப்பார். இதை யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஜனவரி 5

கடும் உறைபனி. படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்காக அந்த அம்மா வெள்ளை உடுத்திப் பேரகணி ஊருக்குப் புறப்பட்டார். ஐயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்தார். பகல் முழுவதும் அங்கே இருந்தேன். அவர் தம் தெய்வத்தை வணங்கப் போன நேரத்தை எனக்கு வாய்ப்பாக்கிக்கொள்வது துரோகம் என்று பட்டதால் வேதாகமத்தை எடுத்துப்போகவில்லை. கஞ்சி கொடுத்தேன், வெந்நீர்ப் பையை இரண்டு முறை மாற்றினேன். ஐயாவே, "அந்த அழுத கதையை எனக்கும் சொல்லு" என்றார். நினைவிலிருந்து சொன்னேன். லாசருவின் சகோதரி மரியாள் கோபித்துக்கொண்டாளா என்று கேட்டார். சகோதரிகள் இருவருமே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று அவரிடம் நேராகவே சொன்னார்கள் என்றேன். "சொல்லலாமா அப்படி?" என்றார். சொல்லலாம் என்றேன்.

ஜனவரி 7

அறிக்கை தயாராம், நேரில் வரச் சொல்கிறார்கள். அந்த அம்மா என்னையும் கூட வரச் சொன்னார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை முதல் பேருந்து.