நல்லூரில் முதல் நாள்

சென்னையில் ஏறி, கொண்டுபோன புத்தகத்தில் நாலு பக்கம் புரட்டுவதற்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கியாகிவிட்டது. கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டியதில்லை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். குடிவரவு அதிகாரி எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், கூட யார் என்று கேட்டார். "யாரும் இல்லை, தனியாகத்தான்" என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மும்மொழிப் பெயர்ப்பலகைகளும் சட்டைப்பையில் இருந்த இலங்கை நோட்டுகளும் இல்லையென்றால், வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதே மனதில் ஏறாது.

ஆனாலும் தனியாக வந்தவனுக்கு முதல் நாள் கொஞ்சம் படபடப்புத்தான். ஆட்டோக்காரர் சொல்கிற தொகை சரியா, பணத்தை ஒரே இடத்தில் வைக்கலாமா என்று எதற்கெடுத்தாலும் யோசனை. கலந்து பேச ஆள் இல்லை. அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, அறையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு நல்லூருக்குக் கிளம்பினேன். வழி கேட்கத் தேவைப்படவில்லை. வேட்டியைப் பார்த்ததுமே ஆட்டோக்காரர், "கோயிலுக்குத்தானே?" என்றார்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஆனால் சட்டைப்பைக்குள் கடவுச்சீட்டு இருக்கும்போது அது வேறு விஷயமாகிவிடுகிறது! இதற்குத்தான் கூட ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது. சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கடவுச்சீட்டையும் பணத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகி, வேட்டியை இறுக்கிக் கட்டினேன். பக்கத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துச் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ, விழாது" என்றார்.

அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். கேள்விப்பட்டிருந்தாலும், கையில் வாங்கும்வரை நம்பிக்கை வரவில்லை. எத்தனையோ காலமாக அதே ஒரு ரூபாய்தான். நம் ஊர்ப் பெரிய கோயில்களில் இலவச வரிசை, கட்டண வரிசை, 'தெரிந்தவர்' வரிசை என்று நின்று பழகியவனுக்கு, கந்தனுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே விலை என்பது பெரிய ஆறுதல். ஊர் பேர் தெரியாத இடத்தில், சிபாரிசுக்கு ஆளில்லாமல் நிற்கும்போது அந்த ஆறுதல் இன்னும் கூடிவிடுகிறது.

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன். "வேற ஆக்கள்?" என்றார். அதுவரை என் பெயரை மட்டும்தான் நினைத்து வைத்திருந்தேன். அம்மாவில் ஆரம்பித்து, தங்கை, அவள் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவரும் அவசரப்படாமல் சங்கல்பத்தில் சேர்த்துக்கொண்டே போனார். கடல் தாண்டித் தனியாக வந்தேன் என்று நினைத்திருந்த எனக்கு, குடும்பமே வரிசையில் பின்னால் நிற்பது போல இருந்தது.

மூலஸ்தானத்தில் முருகனின் திருவுருவம் கிடையாது. வேல்தான் மூலவர். முகம் பார்த்துக் கும்பிட்டே பழகிய கண்ணுக்கு ஒரு கணம் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. மணி அடித்து, திரை விலகி, தீபம் மேலே எழும்போது வேலின் இலைப்பகுதியில் வெளிச்சம் ஏறி இறங்கியது. அப்புறம் முகம் எங்கே என்று தேடத் தோன்றவில்லை. விழுந்து கும்பிட்டபோது கடவுச்சீட்டின் முனை வயிற்றில் நன்றாகக் குத்தியது. பரவாயில்லை, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்நிதியில் வரக்கூடிய நினைப்பா அது!

பூசை குறித்த நேரத்தில் தொடங்கியது. நேரம் தவறாமைக்கு இந்தக் கோயில் பெயர்போனது. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் பூசை காத்திருக்காது என்பார்கள். உள்ளே படம் எடுக்கவும் விடுவதில்லை. நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் நானும் பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

யாழ்ப்பாண அரசின் தலைநகராக இருந்த ஊர் இது. இங்கிருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 1620-களில் இடித்தார்கள். இப்போது நாம் கும்பிடும் கோயில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், 1734-இல் எழுந்தது. இடித்தவர்களின் ஆட்சியும் போய், அடுத்து வந்தவர்களின் ஆட்சியும் போய்விட்டது. திருவிழாவில் உரக்கச் சொல்லும் புகழுரையான கட்டியத்தில் மட்டும் புவனேகபாகு என்ற பழைய அரசனின் பெயர் இன்றும் ஒலிக்கிறது. மகோற்சவம் 25 நாள், தேர் 24-ஆம் நாள். அந்தக் கூட்டத்தில் இப்படி நிதானமாக நின்று பார்த்திருக்க முடியாது என்பதால், சாதாரண நாளில் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

வெளியே வந்து தேரடியில் உட்கார்ந்தேன். செல்லப்பா சுவாமிகள் என்ற சித்தர் திரிந்த இடம் இது. ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். இங்கேதான் அவர், பின்னாளில் தன் சீடரான யோகசுவாமிகளைப் பார்த்து, "யாரடா நீ?" என்று அதட்டினாராம். காலையில் அதே கேள்வியை விமான நிலையத்தில் மரியாதையாகக் கேட்டபோது காட்டுவதற்கு ஒரு சிறு புத்தகம் இருந்தது. இங்கே அதை எடுத்து நீட்ட முடியாது. செல்லப்பா சுவாமிகளின் இன்னொரு வாக்கு, "ஒரு பொல்லாப்புமில்லை." முதல் நாள் பதற்றத்தோடு வருகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சட்டை கழற்றும் இடத்தில் பார்த்த பெரியவர் மனைவியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். "தனியவோ வந்தனீங்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக்கு நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்க்கப் போவதாகச் சொன்னதும், படகுத்துறை இருக்கும் குறிகட்டுவானுக்குப் பஸ் எங்கே எடுப்பது, அங்கிருந்து படகில் எந்தப் பக்கம் இருந்தால் தண்ணீர் தெறிக்காது என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். "ஆனா தம்பி, இவ்வளவு தூரம் வந்திட்டு நல்லூரில காலமைப் பூசை பாக்காமப் போறதோ?" என்றார் அம்மா. பெரியவரும், "ஓம், அது சரி" என்று தலையாட்டினார்.

நயினாதீவைப் பிற்பகலுக்குத் தள்ளினேன். அறைக்குத் திரும்பியதும் வேட்டியை அலசிக் காயப்போட்டு, அதிகாலைக்கு அலாரம் வைத்தேன்.