ஜாஸ் கேட்க ஆரம்பிக்க ஒரு பாட்டு போதும்

ஜாஸ் கேட்கணும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் உடனே ஒரு பட்டியல் நீளும். கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள், நியூ ஆர்லியன்ஸில் தொடங்கி ஸ்விங், பீபாப், கூல், ஃப்ரீ ஜாஸ் என்று பாணி பாணியாக ஒரு வரலாறு. பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தவர்களில் பலர், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு என்று பாதியிலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது வேறு வழி. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்பது காதுக்குப் பிடிபடும்வரை அதை விடாதீர்கள்.

எந்தப் பாட்டு? ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தில் முதலில் வருவது. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், கொலம்பியா கம்பெனியின் முப்பதாவது தெரு ஸ்டூடியோவில் பதிவானது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது, அந்த உயரமும் விசாலமும் ஒலியிலேயே தெரியும். எல்லோரும் சிபாரிசு செய்கிற ஆல்பம்தான், ஆனால் நான் சொல்வதற்குக் காரணம் அதன் புகழ் இல்லை. இவ்வளவு எளிமையான கட்டமைப்பில் இவ்வளவு பெரிய கலைஞர்கள் வாசித்த பதிவு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்தில் பியானோவும் டபுள் பேஸும் (ஆள் உயரத்துக்கு நிற்கும், கனத்த ஒலி கொண்ட தந்திவாத்தியம்) தாளம் இல்லாமல் மெதுவாக ஏதோ தேடுவதுபோல வாசிக்கும். அப்புறம் தாளம் விழுகிறது, மெட்டை வாசிப்பது ட்ரம்பெட்டும் இல்லை சாக்ஸபோனும் இல்லை, டபுள் பேஸ். அது ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் இரண்டே இரண்டு அடியில் பதில் சொல்வார்கள். நாலு அடி சேர்ந்தது ஒரு ‘பார்’. முதலில் எட்டு பார், அதே மெட்டு இன்னொரு எட்டு, அடுத்த எட்டு மட்டும் அரை ஸ்வரம் மேலே ஏறும், கடைசி எட்டு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஆக 32 பார். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதை ஒரு நீண்ட ஆவர்த்தனமாக எடுத்துக்கொண்டால் போதும், ஏனென்றால் மெட்டு முடிந்த பிறகும் இந்தச் சுற்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொருவரும் அதன் மேல்தான் கற்பனையாக வாசிக்கிறார்கள். ட்ரம்பெட்டில் மைல்ஸுக்கு இரண்டு சுற்று, சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனுக்கு இரண்டு, இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லிக்கு இரண்டு, பியானோவில் பில் எவன்ஸுக்கு ஒன்று. இது தெரியாமல் கேட்டால் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிப்பதுபோல இருக்கும். தெரிந்துவிட்டால், அந்த அரை ஸ்வரம் ஏறுகிற இடம் வரும்போதெல்லாம் இவர் என்ன செய்யப்போகிறார் என்று மனசு முன்னாலேயே போய் நிற்கும்.

முதல் தடவை டபுள் பேஸை மட்டும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும், சாதாரண இயர்போனாவது வேண்டும். வாசிப்பவர் பால் சேம்பர்ஸ், அப்போது அவருக்கு வயது 23. அடிக்கு ஒரு ஸ்வரம் என்று நடந்துகொண்டே இருப்பார், அந்த நடையைப் பிடித்துவிட்டால் எங்கே இருக்கிறோம் என்பது தொலையாது. அடுத்த தடவை டிரம்ஸ். நாலு அடியில் இரண்டாவதிலும் நாலாவதிலும் விழுகிற ‘சிக்’ சத்தத்தோடு கைதட்டிப் பாருங்கள், ஒன்றிலும் மூன்றிலும் தட்டிப் பழகிய கைக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பாட்டு தொடங்கி ஒன்றரை நிமிடம் வாக்கில், மைல்ஸ் தன் சுற்றை ஆரம்பிக்கிற அதே நொடியில் டிரம்ஸ் வாசிக்கிற ஜிம்மி காப் சிம்பலில், அதாவது உலோகத் தட்டில், ஒரு அடி அடிப்பார். அந்த ஒலி கரைந்து அடங்குவதற்குள் ட்ரம்பெட் பேச ஆரம்பித்திருக்கும். எனக்கு ஜாஸ் முழுவதிலும் மிகப் பிடித்த சில நொடிகளில் அது ஒன்று.

சரி, இது பிடிபட்டதும் நூறு ஆல்பத்துக்குத் தாவ வேண்டாம். ஒரே பாட்டைப் பலர் வாசித்ததைக் கேளுங்கள். ‘ஆட்டம் லீவ்ஸ்’ இதற்கு அருமையான பாட்டு. ஜோசஃப் காஸ்மா 1940களில் மெட்டமைத்த பிரெஞ்சுப் பாட்டு, பிறகு ஆங்கில வரிகளோடு உலகமெல்லாம் போனது. முதலில் நாட் கிங் கோல் பாடியதைக் கேட்டு மெட்டை வாய்க்குள் முணுமுணுக்கிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் கேனன்பால் ஆடர்லியின் ‘ஸம்திங் எல்ஸ்’ ஆல்பத்தில் 1958-இல் பதிவானது. அதிலும் மைல்ஸ் இருக்கிறார், ட்ரம்பெட் வாயை அடைத்து, மெட்டில் பாதி ஸ்வரத்தை விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் நிதானமாக வைப்பார். அடுத்தது பில் எவன்ஸ் ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’ ஆல்பத்தில் வாசித்தது, 1959 டிசம்பர். அதே பாட்டு, ஆனால் விரட்டுகிற வேகம். ஸ்காட் லஃபாரோவின் டபுள் பேஸ் இங்கே எப்போதும் அடிக்கு ஒரு ஸ்வரம் என்று நடந்துகொண்டிருக்காது, இடையில் பியானோவோடு எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டு சண்டைக்கு நிற்கும். தனி வாசிப்பு ஓடும்போது நீங்கள் மனசுக்குள் அசல் மெட்டைப் பாடிக்கொண்டே இருங்கள், அவர்கள் அதை எங்கே தொடுகிறார்கள் எங்கே விலகுகிறார்கள் என்பது தானாகக் கேட்க ஆரம்பிக்கும்.

இதே மூவர், அதாவது எவன்ஸ், லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன், 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் வாசித்ததும் கிடைக்கிறது. கிளாஸ் உரசுகிற சத்தம், யாரோ பேசுகிற சத்தம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25.

வரலாற்றுக்கு இதற்கப்புறம் போங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’, 1928. தொடக்கத்தில் ட்ரம்பெட் மட்டும் தனியாக, கால் நிமிடம்கூட இருக்காது, அதைக் கேட்டாலே பின்னால் வந்தவர்கள் இவருக்கு எவ்வளவு கடன்பட்டவர்கள் என்று புரியும். பதிவின் கரகரப்பைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், அது பெரிய நஷ்டம். பாடகிகள் பில்லி ஹாலிடேவையும் எலா ஃபிட்ஸ்ஜெரால்டையும் இதே சமயத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோல்ட்ரேனை எப்போது கேட்பது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ முதலில், 1960 அக்டோபரில் பதிவானது. மேடை நாடகத்துக்காக எழுதிய ஒரு பாட்டை எடுத்து, பியானோவில் மெக்காய் டைனர் இரண்டே ‘கார்டு’களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் சோப்ரானோ சாக்ஸபோனில் 13 நிமிடத்துக்கு மேல் விரித்துக்கொண்டே போவார். ஒரே சுருதியில் லயித்துப் பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. கோல்ட்ரேனுக்கு இந்திய இசையில் உண்மையான ஈடுபாடு இருந்தது, 1965-இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கர் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வும் அடுத்து கேட்க வேண்டியது. தலைப்பில் இருக்கிற சுவாமி சச்சிதானந்தா நம் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். தம்புராவோடு டபுள் பேஸ் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, ஆலிஸின் ஹார்ப் அதன் மேல் வந்து விழும்.

‘எ லவ் சுப்ரீம்’ இவ்வளவும் பழகியபின். 1964 டிசம்பரில் பதிவானது, மொத்தமே அரை மணி நேரம் சொச்சம்தான், நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள். முதல் பகுதியில் ஜிம்மி கேரிசன் டபுள் பேஸில் நாலு ஸ்வரம் வாசிப்பார், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பகுதி முடிகிற சமயத்தில் கோல்ட்ரேன் அதே நாலு ஸ்வரத்தைப் பன்னிரண்டு சுருதிகளிலும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, சாக்ஸபோனைக் கீழே இறக்கி அதையே வாயால் பாட ஆரம்பிப்பார்.