முதலில் கோர்செட், பிறகுதான் இன்ச் டேப்

"விக்டோரியன் கவுன் ஒன்று தைத்துத் தர வேண்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், இன்னும் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். விக்டோரியா அரசியாக இருந்தது 1837 முதல் 1901 வரை. 1860-ல் பாவாடை என்பது கூண்டு வைத்த வட்டக் கூடாரம். 1873-ல் முன்பக்கம் தட்டை, கனமெல்லாம் பின்னால் பஸ்ஸலில் (பாவாடையின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த உள்ளே கட்டும் சட்டகம்). 1880 வாக்கில் அதுவும் போய், முழங்கால் வரை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒல்லி உருவம். 1885-ல் பஸ்ஸல் திரும்பி வந்தது; இந்த முறை டீ கப்பை வைக்கலாம் போல, பின்னால் தட்டையாக நீட்டிக்கொண்டு. 1895-ல் கவனம் முழுக்கக் கைகளுக்குப் போய்விட்டது, தோளில் இரண்டு பலூன். ஆகவே முதல் கேள்வி வருடம். நிறமும் அதோடு சேர்ந்தது. செயற்கைச் சாயமான மாவ் ஊதாவை பெர்கின் கண்டுபிடித்தது 1856-ல். 1840-க்கான கவுனுக்குக் கண்ணைப் பறிக்கும் அந்த அனிலின் (செயற்கைச் சாய) ஊதாவில் பட்டு எடுத்துவிட்டால், விவரம் தெரிந்தவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

1885 மாதிரியையே எடுத்துக்கொள்வோம். அளவு எடுப்பதற்கு முன்னால் உள்ளே போடுவது எல்லாம் தயாராக இருக்க வேண்டும்: கோர்செட் (கயிறு கட்டி இடுப்பை இறுக்கும் விறைப்பான உள்ளுடை), பஸ்ஸல், ஒரு பெட்டிகோட், அன்று போடப்போகும் அதே செருப்பு. கோர்செட்டை இறுக்கினால் இடுப்பு 5 செ.மீ. வரை சர்வசாதாரணமாகக் குறையும். அங்கிருந்து தள்ளப்பட்டது மேலேயும் கீழேயும் போகும், மார்பு உயரும், மார்பின் முனைப்புள்ளி இடம் மாறும். வெறும் உடம்பில் எடுத்த அளவை வைத்து டார்ட் (உடம்பின் வளைவுக்காகத் துணியில் பிடிக்கும் கூர்மடிப்பு) போட்டால் அதன் நுனி மார்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். மேற்சட்டையை வெட்டி முடித்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது.

பாவாடைக்கு இடுப்பிலிருந்து தரை வரை ஒரே ஒரு அளவு போதாது. முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் பஸ்ஸலின் மேலாக ஒன்று. முன்னால் 104 செ.மீ. என்றால் பின்னால் 116, 118 கூட வரும். இந்த வித்தியாசத்தை இடுப்புப் பக்கத்தில்தான் கூட்ட வேண்டும். கீழ் ஓரத்தில் கூட்டினால் துணியின் நேர் இழை சாய்ந்து, பின்பாவாடை ஒரு பக்கமாக ஓடும்.

அடுத்தது காடாத் துணியில் மாதிரி. இதை விட்டுவிட்டு நேராகப் பட்டில் கத்திரிக்கோல் வைப்பவர்களின் தைரியம் எனக்குக் கிடையாது. பக்கத் தையலிலும் தோளிலும் 4 செ.மீ. உள்துணி (தையல் கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் துணி) விட்டு, பெரிய தையலாக ஓட்டி, கோர்செட்டின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் வரும் முதல் புகார் எப்போதும் ஒன்றே: "அக்குளில் பிடிக்கிறது." நம் கை உடனே கத்திரிக்கோலைத் தேடும், ஆர்ம்ஹோலின் (கை பொருத்தும் துளையின்) அடியை ஒரு செ.மீ. இறக்கி வெட்டத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தக் காலத்து மேற்சட்டையில் ஆர்ம்ஹோல் சிறியது, அக்குளுக்கு ஒட்டி மேலே நிற்பது. கையைத் தூக்கும்போது சட்டை அசையாமல் இருப்பது அதனால்தான். அடியை இறக்கினால், கை எழும்போது பக்கத் துணி முழுவதையும் இழுத்துக்கொண்டு எழும். இடுப்பு மேலேறும், கை பாதியிலேயே நின்றுவிடும். பிடிக்கிறதே என்று இன்னும் இறக்குவோம், இன்னும் பிடிக்கும். உண்மையில் உறுத்துவது பெரும்பாலும் வெட்டி விடாத உள்துணிதான். அதில் ஒரு செ.மீ. இடைவெளியில் தையல் கோடு வரை வெட்டு கொடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்தால், அடியைத் தொடாமல் முன்பக்க வளைவில் மட்டும் 5 மி.மீ. எடுத்துப் பார்க்கலாம். கை முன்னால் வரும்போது மடிப்பு விழுவது அங்கேதான்.

கையும் அப்படியே. இரண்டு துண்டாக, முழங்கையில் வளைத்து வெட்டிய கை அது. கையை நேராகத் தொங்கவிட்டால் உள்மடிப்பில் சுருக்கம் விழத்தான் செய்யும். அதை நேராக்கப் போனால் மடக்க முடியாத கை கிடைக்கும்.

மாதிரி சரியானதும் அதையே பிரித்துப் பேட்டர்னாக வைத்துக்கொள்ளலாம். இன்றைய பிளவுஸ் போல லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே கவிழ்க்கும் முறை இதில் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அழுத்தமான பருத்தி லைனிங்கை வெட்டி, அதன்மேல் பட்டை விரித்து, ஓரம் முழுவதும் கையால் ஓட்டுத்தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தைக்க வேண்டும். இழுப்பை லைனிங் தாங்கும், பட்டு அழகுக்கு. மேசையில் தட்டையாக வைத்து ஓட்டுவதோடு விடாமல், துண்டை உடம்பின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைத்துப் பிடித்து ஓட்டினால் வெளித்துணிக்கு ஓரிரு மி.மீ. கூடுதல் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் லைனிங் உள்ளே கொப்பளிக்கும், பட்டு வெளியே விறைக்கும்.

தைத்த பிறகு உள்துணியைக் குறைக்காதீர்கள். இடுப்பு வளைவில் வெட்டு கொடுத்து, விரித்து இஸ்திரி போட்டு, பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே வாடிக்கையாளர் 3 செ.மீ. பெருத்து வரும்போது அந்தத் துணி தேவைப்படும். நீளத் தையல்களுக்கு மெஷின் போடுவது பாவமில்லை. 1885-க்குள் தையல் மெஷின் வீடுகளிலேயே புழங்கியது. 1770 கவுன் என்றால் கதை வேறு, அது முழுக்கக் கைத்தையல். ஜிப் மட்டும் எதிலும் வேண்டாம். உடைகளில் அது பரவியதே 1930-களில்.

டார்ட்டுகளிலும் பக்கத் தையல்களிலும் எலும்புப்பட்டி (சட்டை விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் ஒல்லிப் பட்டை) வைக்க வேண்டும். பிளாஸ்டிக் எலும்பு போதும், ஆனால் அதன் முனையை வட்டமாக வெட்டித் தேய்த்துவிட்டு, மேலும் கீழும் தையலுக்கு ஒரு செ.மீ. உள்ளேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது முறை போடும்போது பட்டைத் துளைத்து வெளியே எட்டிப்பார்க்கும்.

பலர் விட்டுவிடுவது இடுப்பு நாடாவை. 2.5 செ.மீ. அகல கெட்டி நாடா, கோர்செட் போட்ட இடுப்பு அளவுக்கு. பின் நடுத் தையலிலும் அதன் இருபுறத் தையல்களிலும் மட்டும் பிடித்து, முன்னால் கொக்கி போட்டு மாட்டுவது. முதலில் இதை மாட்டிவிட்டுத்தான் சட்டையின் கொக்கிகளுக்கு வர வேண்டும். இழுப்பு முழுக்க நாடா மேல் விழுவதால் முன்பக்கம் இளிக்காது, சட்டையும் மேலேறாது. முன் கொக்கிகளை 2 செ.மீ. இடைவெளியில் ஒன்று கொக்கி, அடுத்தது கண்ணி என மாற்றி மாற்றி வைத்தால் தானாக அவிழாது.

பாவாடை ஓரத்துக் கொசுவப்பட்டியில்தான் துணிக்கணக்கு கவிழும். ஓரச் சுற்றளவு 3 மீட்டர் என்றால் கத்தி மடிப்புக்கு (ஒரே திசையில் படியும் கூர் மடிப்பு) மூன்று மடங்கு, 9 மீட்டர் பட்டி வேண்டும். முடிந்த அகலம் 15 செ.மீ., மடித்துத் தைக்க 3, ஆக 18. துணி அகலம் 110; ஒட்டுத் தையல் போக 107 தேறும். 9 பட்டிகள், 1.62 மீட்டர் துணி. இரண்டு வரிசை கேட்டால் 3 மீட்டரைத் தாண்டும். இதை முதல் நாளே சேர்த்து வாங்கிவிட வேண்டும். பிறகு போனால் அதே நிறம், வேறு சாயத் தொட்டி. மடிப்பின் பின்பக்கம், மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு இறங்கிய இடத்தில் ஒரு மெல்லிய நாடாவைக் கையால் பிடித்துவிட்டால் நடக்கும்போது விசிறி போல விரியாது.

உடையைக் கொடுத்தனுப்பும்போது போடும் வரிசையையும் எழுதிக் கொடுங்கள். கோர்செட்டைக் கழற்றும்போது பின் கயிற்றை நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் முன்னாலுள்ள பூட்டைத் திறக்க வேண்டும். இறுக்கத்தோடு திறந்தால் எஃகுப் பட்டை வளைந்துவிடும். போடும்போது பருத்தி உள்ளுடை, காலுறை, செருப்பு, அப்புறம்தான் கோர்செட். கோர்செட் கட்டிய பிறகு குனிந்து செருப்பு மாட்ட வேறு ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும்.