பாரமகாலில் ஒரு பட்டா

2025 ஜூனில் தர்மபுரிக்குப் போனது ஊர் சுற்ற இல்லை. காரிமங்கலம் பக்கம் சித்தப்பாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் புன்செய் இருக்கிறது. பட்டா கணினியில் ஏறியபோது தாத்தாவின் இனிஷியல் மாறிவிட்டது. அதைத் திருத்த மூன்று வருஷமாக அலைகிறார். "ஜமாபந்தி நடக்குது, நீ வந்து மனுவை எழுதிக் குடு கண்ணு" என்றார். வருஷா வருஷம் தாலுகாவில் நிலக் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்குவதுதான் ஜமாபந்தி. கிளம்பிவிட்டேன்.

தர்மபுரி பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே போர்டுகளை வாசித்தேன். மாரண்டஹள்ளி, போச்சம்பள்ளி, ராயக்கோட்டை, பென்னாகரம். ஹள்ளி கன்னடம். ராயர் என்றால் விஜயநகர வாசனை. நுளம்பர் இங்கே ஆண்டார்கள். சோழர் அவர்களை வென்று, நுளம்பபாடிக்கு நிகரிலி சோழ மண்டலம் என்று பெயர் சூட்டினார்கள். எவ்வளவு ஜம்பமான பெயர்! கல்வெட்டோடு நின்றுவிட்டது. அப்புறம் போசளர், விஜயநகரம், மைசூர். எல்லோரும் படையோடுதான் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், பிழைக்க வந்தவர்களும் நிறைய. டீக்கடைக்காரர் என்னிடம் தமிழில் காசு வாங்கி, மாஸ்டரைக் கன்னடத்தில் விரட்டி, அடுத்தவருக்குத் தெலுங்கில் சில்லறை இல்லை என்றார்.

தகடூர்தான் இந்தத் தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு பலருக்கும் அவன் கதை முடிந்துவிடுகிறது. அவன் கோட்டையைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். 'தகடூர் எறிந்த' என்பதே அவனுக்குப் பட்டமாகிவிட்டது. அரிசில்கிழார் அவனைப் பதிற்றுப்பத்தில் பத்துப் பாட்டு பாடினார். ஆனால் சேலம் ரோட்டில் இருக்கிற ஊருக்குப் பெயர் அதியமான்கோட்டை. ஜெயித்தவன் பெயரை நான் பார்த்த எந்த பஸ் போர்டிலும் காணோம். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவை பாடியிருக்கிறார். பாலக்கோட்டில் இன்றைக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. வழியில் வண்டியை நிறுத்தி ஒரு கிளாஸ் கரும்புச் சாறு குடித்தேன். தோற்றவன் வீட்டுச் சொத்து, இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரிக் கோட்டை. சையத் பாஷா மலை என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. ஏழு மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற கர்னலின் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க முயன்று, முடியாமல் திரும்பியது. சண்டையில் கிடைக்காதது நாலே மாதத்தில் காகிதத்தில் கிடைத்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுத்தார். அதில் பாரமகாலும் போனது. பன்னிரண்டு கோட்டை நாடு என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமெல்லாம் அதற்குள் வரும்.

என் சித்தப்பாவின் தலையெழுத்து தொடங்கிய இடம் இதுதான். வென்ற நாட்டில் வரி வசூலிக்க ஆள் வேண்டும். ஊர் பாஷை தெரிந்த சிவில் அதிகாரிகள் சென்னையில் இல்லை என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ராணுவக்காரர்களை அனுப்பினார். அலெக்சாண்டர் ரீட் தலைமை, உதவிக்குத் தாமஸ் மன்றோ முதலானவர்கள். வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் ஜமீன் வைக்காமல் உழுகிறவன் பேரிலேயே தீர்வை, அதாவது நில வரி, போட்டார்கள். ரயத்துவாரி என்பது இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதே கார்ன்வாலிஸ் 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுத்தார்.

இங்கேயும் நேர்வழியில் போகவில்லை. ரீட் போன பிறகு நிலத்தை மிட்டா மிட்டாவாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாக, பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டாதாரர்களில் பலர் பணம் கட்ட முடியாமல் நொடித்துப் போனார்கள். 'பெரிய மிட்டா மிராசு' என்று நாம் கிண்டல் செய்வதில் பாதி இந்தப் பக்கத்துச் சரக்கு! மன்றோ 1820-ல் சென்னை கவர்னராகி ரயத்துவாரி முறையை மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தார். சென்னையில் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

ஜமீன்தாரி இருந்த மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலிலும் பள்ளி, ஆஸ்பத்திரியிலும் பின்தங்கின என்று பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் எழுதினார்கள். படித்தபோது ஆமாம் போட்டேன். இந்த மண்ணில் நின்று பார்த்தால் கொஞ்சம் தயங்குகிறேன். ரயத்துவாரி பிறந்த ஊர்தான், ஆனாலும் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது. சித்தப்பாவின் இரண்டு மகன்களும் பெங்களூரில் கட்டட வேலை. பட்டா இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இல்லை.

தாலுகா அலுவலகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மனுவின் தலைப்பில் 1434-ஆம் பசலி என்று எழுதச் சொன்னார் பக்கத்தில் இருந்தவர். பசலி என்றால் விளைச்சல், அக்பர் காலத்து வரிக் கணக்கு. தாசில்தார், ஜமாபந்தி, தாலுகா, வசூல் என்று மனுவில் பாதிச் சொல் டில்லியிலிருந்து வந்தது. சித்தப்பாவின் பழைய பட்டாவை விரித்தேன். மடிப்பில் கிழிந்து செலோ டேப் ஒட்டியது. புன்செய், 0 ஹெக்டேர் 50.50 ஏர், தீர்வை இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்தத் தீர்வைக்காகத்தான் ஒரு காலத்தில் இத்தனை குதிரைகள் ஓடியிருக்கின்றன.

மனுவை வாங்கிக்கொண்டு சீல் போட்ட ரசீது கொடுத்தார்கள். முப்பது நாள் ஆகுமாம். சித்தப்பா ரசீதை மஞ்சள் பையில் வைத்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"போன வருஷமும் முப்பது நாள்தான் சொன்னாங்க" என்றார். "வா கண்ணு, மண்டியில பெங்களூரா மாங்கா வாங்கிட்டுப் போலாம்."